டுபோவும் எங்கள் கிணறுகளும்

நோய்க்கிருமியைக் கொல்லும் மருந்தை மண்ணுக்குள் தேடி எடுத்த ஒரு விஞ்ஞானி, அதன் பிறகு நாற்பது வருடங்களாக, கிருமியால் மட்டும் நோய் வருவதில்லை என்று எழுதிக்கொண்டே இருந்தார். ரெனே டுபோ என்பது அவர் பெயர். பிரான்சில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்தவர். நுண்ணுயிரியல் பாடப் புத்தகத்தில் அவர் பெயர் ஓரிரண்டு வரிகளில் வந்துபோகும். அவர் எழுதிய இருபதுக்கு மேற்பட்ட நூல்களைத் தேடிப் படிப்பவர்கள் குறைவு. யாழ்ப்பாணத்தில் கிணற்றுத் தண்ணீர் குடிக்கிற எவருக்கும் அந்த எழுத்து தேவை என்பது என் எண்ணம். ஆய்வுகூடத்தில் தண்ணீர்ப் போத்தல்களோடு வேலைக்காலத்தைக் கழித்தவள் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன்.

டுபோ 1901 இல் பிறந்தார். பரிஸ் நகருக்கு வடக்கே ஹெனொன்வில் என்ற சிறு கிராமத்தில் வளர்ந்தார். தகப்பன் இறைச்சிக் கடை வைத்திருந்தவர். சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சல் இருதயத்தைப் பழுதாக்கிவிட்டதால் மற்றப் பிள்ளைகளைப் போல ஓடியாட முடியவில்லை. அவர் படித்தது விவசாயம். மருத்துவம் படிக்கவே இல்லை. உரோமாபுரியில் ஒரு சர்வதேச விவசாய நிறுவனத்தில் சஞ்சிகை வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது ரஷ்ய நுண்ணுயிரியலாளர் வினொகிராட்ஸ்கியின் கட்டுரை ஒன்று அவர் கண்ணில் பட்டது. மண்ணில் வாழும் நுண்ணுயிரைக் குடுவைக்குள் தனியாக வளர்த்துப் பார்த்தால் போதாது, மற்ற உயிர்களோடு அது அடிபட்டு வாழும் இடத்திலேயே வைத்துப் பார்க்கவேண்டும் என்பது அதன் சாரம். அந்த எண்ணத்தை டுபோ சாகும்வரை விடவில்லை.

1924 இல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். உரோமாபுரியில் அறிமுகமாகியிருந்த மண் விஞ்ஞானி செல்மன் வாக்ஸ்மனும் அதே கப்பலில் வந்தார். அந்தப் பயணத்தோடு டுபோ அவருடைய மாணவரானார். பின்னாளில் சயரோகத்துக்கு முதல் மருந்தான ஸ்ரெப்ரோமைசினைத் தந்தது இதே வாக்ஸ்மனின் ஆய்வுகூடந்தான்.

1927 இல் கலாநிதிப் பட்டத்தோடு நியூயோர்க்கின் ரொக்பெல்லர் நிறுவனத்துக்குப் போனார் டுபோ. அங்கே ஒஸ்வல்ட் ஏவரி என்ற வைத்தியர் நிமோனியாக் கிருமியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கிருமியைச் சுற்றி மாச்சத்து வகையைச் சேர்ந்த வழுவழுப்பான உறை ஒன்று உண்டு. அந்த உறை இருக்கும்வரை இரத்தத்தின் வெள்ளணுக்களால் அதைப் பிடித்து விழுங்க முடியாது. உறையைக் கரைக்கிற பொருள் ஒன்றுமே உடலில் இல்லை. டுபோ யோசித்த விதம் ஒரு தோட்டக்காரனுடையது. உலகத்தில் எத்தனை கோடி உயிர்கள் செத்து மண்ணுக்குப் போகின்றன. அவற்றில் எதுவும் சேர்ந்து குவிந்து கிடக்கவில்லை. அப்படியானால் இந்த உறையையும் தின்று தீர்க்கிற ஏதோ ஒரு உயிர் மண்ணில் இருந்தேயாக வேண்டும்.

தேடினார். பல இடத்து மண்ணையும் எடுத்துவந்து, கிருமியின் உறைப் பொருளை மட்டும் உணவாகக் கொடுத்துப் பட்டினி போட்டார். அதை உண்ணத் தெரிந்தது மட்டுமே பிழைக்கும். கடைசியில் நியூ ஜேர்சியில் கிரான்பெரிப் பழச்செடி வளரும் சதுப்பு நிலத்து மண்ணிலிருந்து ஒரு பற்றீரியா கிடைத்தது. அது சுரந்த நொதியம் உறையைக் கரைத்தது. நிமோனியா ஏற்றப்பட்ட எலிகள் பிழைத்தன. 1930 இல் ஏவரியும் அவரும் இதை வெளியிட்டார்கள்.

அந்த நொதியம் மனிதருக்கு மருந்தாக வரவில்லை. சல்பா மருந்துகள் முந்திக்கொண்டன. ஆனால் டுபோவின் மனத்தில் தங்கியது வேறொன்று. அந்தப் பற்றீரியாவுக்கு வழமையான நல்ல சாப்பாட்டைக் கொடுத்தால் அது அந்த நொதியத்தைச் சுரப்பதே இல்லை. வேறு ஒன்றும் இல்லை, இதைத்தான் தின்னவேண்டும் என்ற நிலை வந்தால் மட்டுமே சுரந்தது. உயிருக்குள் என்னென்ன ஆற்றல் இருக்கிறது என்பது ஒரு பாதி. அதில் எது வெளிப்படும் என்பதைச் சூழல் தீர்மானிக்கிறது என்பது மற்றப் பாதி. பின்னர் அவர் மனிதரைப் பற்றி எழுதிய எல்லாவற்றுக்கும் வேர் இந்தச் சதுப்பு நிலத்தில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

1939 இல் இன்னொரு மண் பற்றீரியாவிலிருந்து தைரோத்ரிசின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். அதில் கிரமிசிடின் என்ற கூறும் இருந்தது. வணிக முறையில் தயாரிக்கப்பட்ட முதல் அன்டிபயோட்டிக் இதுவே. இரத்தத்தில் ஏற்றினால் சிவப்பணுக்களை உடைத்துவிடும் என்பதால் மேற்பூச்சுக்கு மட்டுமே உதவியது. இன்றைக்கும் சில கண் சொட்டு மருந்துகளின் பெட்டியில் கிரமிசிடின் என்ற பெயர் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். கைவிடப்பட்டுக் கிடந்த பெனிசிலின் ஆராய்ச்சிக்கும் வாக்ஸ்மனின் தேடலுக்கும் இந்த வெற்றி ஊக்கம் கொடுத்தது. இப்படி ஒரு யுகத்தைத் திறந்துவைத்தவர், நாற்பதுகளின் தொடக்கத்திலேயே, இந்த மருந்துகளுக்குக் கிருமிகள் பழகிக்கொள்ளும், எதிர்த்து நிற்கும் என்றும் எச்சரித்தார். காய்ச்சல் என்றதும் துண்டு இல்லாமல் பார்மசியில் அமொக்சிசிலின் வாங்கி, இரண்டு நாளில் சுகமானதும் மிச்சத்தை அலுமாரியில் வைத்துவிடுகிற எங்கள் வழக்கத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த எச்சரிக்கை ஞாபகம் வரும்.

1942 இல் அவருடைய மனைவி மேரி லூயிஸ் சயரோகத்தால் இறந்தார். சிறுவயதில் வந்து அடங்கிக் கிடந்த நோய் அது. பல வருடம் உடலுக்குள் பேசாமல் கிடந்த கிருமி ஏன் அப்போது எழும்பியது? ஜேர்மன் படையிடம் பிரான்ஸ் விழுந்துவிட்டது. பிறந்த மண்ணில் சொந்தக்காரர் என்ன ஆனார்களோ என்ற துயரம் அவரைத் தின்றது. அதுதான் நோயைத் தட்டி எழுப்பியது என்று டுபோ நம்பினார். இதை எப்படி நிரூபிப்பது? நிரூபிக்க முடியாது. ஆனால் உலகப்புகழ் பெற்ற கிருமி ஆராய்ச்சியாளர் ஒருவர், தன் வீட்டுச் சாவுக்குக் கிருமியைத் தாண்டிக் காரணம் தேடினார் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப்படுகிறது. 1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துச் சனம் இடம்பெயர்ந்த பிறகு, அதுவரை நோய்நொடி என்று படுக்காத எத்தனை பேர் தென்மராட்சியிலும் வன்னியிலும் பாயில் விழுந்தார்கள் என்பதைக் கண்ட எவரும் அந்தத் தேடலை விளங்கிக்கொள்வார்கள்.

அதன் பின் அவர் சயரோகத்தையே ஆராயத் தொடங்கினார். இரண்டாவது மனைவி ஜீனுக்கும் அந்த நோய் இருந்தது. இருவரும் சேர்ந்து 1952 இல் சயரோகமும் மனிதச் சமுதாயமும் பற்றி ‘வெண் கொள்ளைநோய்’ என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் எழுதினார்கள். இங்கிலாந்து போன்ற நாடுகளில் சயரோகச் சாவு 19ஆம் நூற்றாண்டிலேயே குறையத் தொடங்கிவிட்டது. றொபர்ட் கொக் கிருமியைக் கண்டது 1882 இல். ஸ்ரெப்ரோமைசின் வெளியானது 1944 இல். அப்படியானால் மருந்து வருவதற்கு முன்னரே குறைத்தது எது? காற்று வராத தொழிற்சாலை அறைகள், ஒரே அறையில் அடைந்து படுத்த குடும்பங்கள், குழந்தைகளின் 14 மணி நேர வேலை, அரைவயிற்றுச் சாப்பாடு ஆகியவை மெல்லமெல்ல மாறியதைத்தான் அவர்கள் காட்டினார்கள். கிருமியை மறுக்கவில்லை. கிருமி வேண்டும்; அதற்கு இடங்கொடுக்கிற வாழ்க்கையும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் நோய்.

இந்த இடத்தில் டுபோவை நான் முழுதாக ஏற்றுக்கொண்டு போய்விட முடியாது. அதற்குக் காரணம் சென்னையில் நடந்த ஒரு ஆய்வு. 1956 இல் சேத்துப்பட்டில் தொடங்கிய சயரோக மருந்துச் சிகிச்சை நிலையம், ஏழை நோயாளிகள் 193 பேரை இரண்டாகப் பிரித்தது. ஒரு பகுதியினருக்குச் சனற்றோரியத்தில் ஓய்வும் நல்ல சாப்பாடும் மருந்தும். மற்றவர்களுக்கு நெருக்கடியான தங்கள் வீட்டிலேயே மருந்து மட்டும். வீட்டில் இருந்தவர்கள் குறைவாகச் சாப்பிட்டார்கள், கூடுதலாக வேலை செய்தார்கள். இருந்தும் ஏறத்தாழ அதே அளவுக்குச் சுகமடைந்தார்கள். வீட்டிலிருந்த மற்றவர்களுக்கும் அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை. முடிவு வெளியானது 1959 இல். டுபோவின் ‘ஆரோக்கியம் என்ற கானல்நீர்’ நூல் வெளியானதும் அதே 1959 தான். நோய் வந்தவருக்கு நல்ல மருந்து கொடுத்தால் வறுமைக்குள் இருந்தும் எழும்பலாம் என்று சென்னை உலகத்துக்குக் காட்டியது. வீட்டில் வைத்தே சயரோகத்துக்கு மருந்து கொடுக்கிற இன்றைய முறை அங்கிருந்து வந்தது. மருந்தின் வல்லமையை யாரும் குறைத்துப் பேசக்கூடாது.

ஆனால் நோய் வந்தவரைக் குணமாக்குவது ஒன்று. வராமல் பார்ப்பது இன்னொன்று. 2023 இல் லான்செற் இதழ்க் குடும்பத்தில் வெளியான ஜார்க்கண்ட் ஆய்வு அந்த மிச்சக் கேள்விக்குப் பதில் சொன்னது. சயரோகக்காரரோடு ஒரே வீட்டில் இருந்த பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களை எடுத்து, ஒரு பகுதியினருக்கு மாதாமாதம் அரிசியும் பருப்பும் நுண்சத்துகளும் கொடுத்தார்கள். அப்படிக் கொடுத்த வீடுகளில் புதிதாக நோய் வந்தவர்கள் 39 வீதம் குறைவு. தடுப்பூசி இல்லை, புது மருந்து இல்லை, சாப்பாடுதான். டுபோ இறந்து 40 வருடங்களுக்குப் பிறகு வந்த முடிவு இது. அவர் இருந்து பார்த்திருக்கவேண்டும்.

இனி எங்கள் தண்ணீருக்கு வருகிறேன்.

குடாநாட்டுக்கு வற்றாத ஆறு இல்லை. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்கிற மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள்ளும் குகைகளுக்குள்ளும் இறங்கி, கீழே இருக்கிற உப்புத்தண்ணீரின் மேல் ஒரு நன்னீர்ப் படையாக மிதக்கிறது. நிலாவரையில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உப்பும் இருப்பது இதனால்தான். நன்னீர் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது பௌதிகக் கணக்கு. மறுபக்கமாகவும் அதே கணக்கு நடக்கும். ஒரு அடி இறைத்துக் குறைத்தால் கீழிருந்து உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். துலாவாலும் பட்டையாலும் இறைத்த காலத்தில் கிணறு தானாகவே ஊறி எழும்ப நேரம் கிடைத்தது. இயந்திரம் வந்த பிறகு அந்த அவகாசம் போய்விட்டது.

நான் வேலை செய்த மேசைக்கு வந்த போத்தல்களில் பெரும்பாலானவை இந்தக் கல்லுக்குள்ளிருந்து வந்தவை. கிருமி நீக்கிய போத்தலில், குளோரீனை முறிக்கிற தயோசல்பேற் சிறிது இட்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவார்கள். தண்ணீரை அளந்து, மக்கொங்கி என்ற ஊதா நிறத் திரவம் உள்ள சோதனைக்குழாய்களில் விடுவோம். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் ஒரு குட்டிக் குழாய் தலைகீழாகக் கிடக்கும். 37 பாகை வெப்பத்தில் இரவு முழுவதும் இருக்கட்டும். காலையில் கதவைத் திறந்து பார்க்கும்போது ஊதா அப்படியே இருந்தால் நிம்மதி. மஞ்சளாக மாறி, குட்டிக் குழாயின் உச்சியில் ஒரு காற்றுக் குமிழ் ஏறி நின்றால், அது குடலிலிருந்து வந்த பற்றீரியாவாக இருக்கலாம் என்று அர்த்தம். பிறகு 44 பாகையில் வைத்து, அது மலத்திலிருந்துதான் வந்ததா என்று உறுதிப்படுத்துவோம். அந்தக் குமிழ் ஒரு மிளகு அளவுகூட இராது. நெருப்புக்காய்ச்சலும் செங்கமாரியும் வருகிற வழி அதற்குள் தெரியும்.

மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் 50 அடி இருக்கவேண்டும் என்று சொல்வோம். இரண்டு பரப்பு வளவில் வீடு, கிணறு, மலக்குழி, அயலவனின் மலக்குழி எல்லாம் அடங்கவேண்டியிருக்கும்போது 50 அடிக்கு எங்கே போவது? மணலும் களியும் உள்ள நிலத்தில் தண்ணீர் வடிகட்டப்பட்டு மெதுவாகப் போகும். எங்கள் கல்லில் வெடிப்பு வழியே அப்படியே ஓடிவிடும். ஒரு மருந்துத் துண்டால் நெருப்புக்காய்ச்சல்காரரைச் சுகமாக்கலாம். ஆனால் காய்ச்சல் அந்த வளவின் அமைப்பில் இருக்கிறது. டுபோ எழுதியதை இதைவிடத் தெளிவாகக் காட்டுகிற இடம் உலகத்தில் வேறெங்கு இருக்கிறதோ தெரியாது.

கோண்டாவில் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் முடிவைக் கேட்க நேரே வந்தார். வெங்காயமும் கரட்டும் செய்கிறவர். அவருடைய கிணற்றில் கிருமி அவ்வளவாக இல்லை. நைத்திரேற்று எல்லையை மிஞ்சியிருந்தது.

“பிள்ளை, நாங்கள் கொதிக்க வைச்சுத்தானே குடிக்கிறம். பிறகென்ன பயம்?”

“கொதிக்க வைச்சால் கிருமி சாகும் ஐயா. உரம் சாகாது. தண்ணி வத்த வத்த இன்னும் கூடும்.”

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, “பேரப்பிள்ளைக்குப் பால்மா அந்தத் தண்ணியிலைதான் கரைக்கிறது” என்றார்.

நைத்திரேற்றில் பிரச்சினை அங்கேதான் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். பெரியவர்களுக்கு உடனே ஒன்றும் தெரியாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட, புட்டிப்பால் குடிக்கிற குழந்தையின் குடலில் பற்றீரியாக்கள் நைத்திரேற்றை நைத்திரைற்றாக மாற்றும். அது இரத்தத்தில் கலந்து ஒட்சிசன் சுமக்கிற ஈமோகுளோபினைப் பழுதாக்கும். உதடும் நகமும் நீலமாகும். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. குடாநாட்டில் செய்கை நிலத்துக் கிணறுகளில் இந்த எல்லை மீறப்பட்டிருப்பது எண்பதுகளிலேயே அளந்து எழுதப்பட்டுவிட்டது. செம்மண்ணில் கொட்டுகிற யூரியாவில் பயிர் எடுத்தது போக மிச்சம், அடுத்த இறைப்போடும் மழையோடும் கல்லுக்குள் இறங்குகிறது. மலக்குழியிலிருந்து வருவதும் அதோடு சேர்கிறது. இதில் கொல்லவேண்டிய கிருமி எதுவுமே இல்லை. குளோரீனும் அடுப்பும் இதற்கு உதவாது. மண்ணோடு நாங்கள் நடந்துகொள்கிற விதம் மாறினால்தான் தண்ணீர் மாறும்.

அதற்காகத் தோட்டக்காரர்களைக் குற்றவாளி ஆக்குகிற எழுத்து எனக்குப் பிடிப்பதில்லை. டுபோவுக்கும் பிடிக்காது. மனிதன் கால் வைத்த இடமெல்லாம் இயற்கை பாழ் என்று பேசிய சூழலியலாளர்களோடு அவர் ஒத்துப்போகவில்லை. தான் பிறந்து வளர்ந்த பரிஸ் சுற்றுப்புறக் கிராமங்களைக் காட்டி, காடாக இருந்ததை நூற்றாண்டுகளாக உழவர்கள் கைவைத்துக் கைவைத்து வளமும் அழகும் உள்ள நிலமாக்கினார்கள் என்று 1980 இல் எழுதிய நூலில் வாதிட்டார். அதைப் படிக்கும்போது எனக்குத் தெரிந்தது வலிகாமம். பாறையை உடைத்துக் கிணறு வெட்டியது மனிதர். கல்லைப் பொறுக்கி மதில் கட்டியது மனிதர். ஆட்டுப்பட்டி அடைத்து, பூவரசங்குழையும் காவிளாயும் தாழ்த்து, அரை அடி மண்ணில் புகையிலையும் மிளகாயும் வெங்காயமும் விளைத்தது மனிதர். ஆறில்லாத சுண்ணாம்புக்கல் மேட்டில் இத்தனை சனம் இத்தனை காலம் வாழ்ந்தது அந்தக் கைப்பாடால்தான். அறுபதுகளுக்குப் பிறகு குழை வண்டி குறைந்து யூரியாப் பை கூடியது. சந்தை கேட்டது, இயந்திரம் வந்தது, பட்டி அடைக்க ஆடுமில்லை, ஆளுமில்லை. அந்த மாற்றத்தைத் தனித்தனித் தோட்டக்காரரின் தலையில் போட முடியாது.

நிலம் மீளும் என்பதில் டுபோவுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை இருந்தது. நியூயோர்க்கில் கெனடி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஜமேக்கா விரிகுடாவைத் திரும்பத் திரும்ப எழுதுவார். கழிவுநீரும் குப்பை மேடுமாகக் கிடந்த இடத்தில் புல்லும் பற்றையும் நட்டு வளர்த்தார்கள்; பறவைகள் கூட்டங்கூட்டமாகத் திரும்பி வந்தன. 27 வருடங்களுக்குப் பிறகு 2017 இல் இராணுவம் விடுவித்த மயிலிட்டிக்கும், பற்றைக்காடாகிக் கிடந்த வலிகாமம் வடக்கு வளவுகளுக்கும் திரும்பிப்போன எங்கள் சனம், முதலில் செய்த வேலைகளில் ஒன்று கிணற்றைத் தூர்வாரி இறைத்தது. முதல் இறைப்பில் வந்தது கறுத்த தண்ணீர். பிறகு தெளிந்தது. அந்த ஊர்களிலிருந்து போத்தல்கள் வரத் தொடங்கியபோது ஆய்வுகூடத்தில் எங்களுக்கு இருந்த சந்தோஷத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது.

எல்லாம் அவ்வளவு சுலபமாகத் தெளிவதுமில்லை. சுன்னாகம் மின்னிலையச் சுற்றாடலில் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததை ஊர் மறக்காது. மின்னிலையத்தை நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்கவேண்டும் என்று 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடும்பங்கள் அதுவரை பவுசரில் வருகிற தண்ணீருக்கு வாளியோடு வரிசையில் நின்றன.

டுபோ எழுதியவற்றில் எனக்கு மிகவும் பயம் தருவது, மனிதனின் இசைவாக்கம் பற்றிய பகுதி. 1965 இல் அதைப் பற்றித் தனி நூலே எழுதினார். 1968 இல் எழுதி அடுத்த வருடம் புலிற்சர் பரிசு பெற்ற நூலிலும் அதே கவலைதான். புகை, சத்தம், நெருக்கம், கெட்ட தண்ணீர் எல்லாவற்றுக்கும் மனிதன் பழகிவிடுவான். சாகமாட்டான், பழகிவிடுவான். பழகியபின் இழந்தது என்ன என்றே தெரியாது. அடுத்த தலைமுறை அதையே இயல்பு என்று எடுத்துக்கொள்ளும். எங்கள் அம்மாக்கள் ஒவ்வொரு கிணற்றுத் தண்ணீரின் ருசியையும் சொல்வார்கள். சமைக்க இது, தேத்தண்ணிக்கு அது என்று அடுத்த வளவுக்குக் குடத்தோடு போவார்கள். இன்றைய பிள்ளைகளுக்குத் தண்ணீர் என்றால் கடையில் வாங்குகிற 20 லீற்றர் கான். கிணற்றில் உப்பு ஏறினால் முறைப்படுகிறவர்கள் குறைவு. கான் வாங்கப் பழகிவிட்டோம்.

பழகுவது மனிதன் மட்டுமல்ல. டெங்கு நுளம்பு நன்னீரில் மட்டுமே முட்டையிடும் என்று உலகம் முழுக்கப் பாடம் இருந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் பேராசிரியர் நோபல் சுரேந்திரனும் ரஞ்சன் ராமசாமியும் சகாக்களும் கரையோரங்களில் தேடி, கைவிட்ட படகுகளிலும் பாத்திரங்களிலும் கிணறுகளிலும் தேங்கிய உவர்நீரில் அந்த நுளம்பின் குடம்பிகள் வளர்வதைக் கண்டு 2011 இல் வெளியிட்டார்கள். சில இடங்களில் கடல் நீரின் உப்பில் பாதிக்குச் சற்றுக் குறைவான உப்பிலும் அவை இருந்தன. வீட்டைச் சுற்றி நன்னீர் தேங்குகிற சிரட்டையையும் ரயரையும் மட்டும் தேடிக்கொண்டிருந்த டெங்கு ஒழிப்புக்கு இது பெரிய செய்தி. நகரத்து மலேரியாவைப் பரப்பும் இன்னொரு வகை நுளம்பு 2016 முடிவில் மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது. பின்னர் யாழ்ப்பாணத்துக் கிணறுகளிலும் கண்டார்கள். மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று கொடுத்ததும் அதே 2016 இல். ஒழித்துவிட்டோம் என்ற சொல்லை டுபோ நம்பியதே இல்லை. உயிர்கள் இருக்கும்வரை அவை ஒன்றுக்கொன்று இசைந்தும் எதிர்த்தும் மாறிக்கொண்டேயிருக்கும், நோயே இல்லாத உலகம் ஒரு கானல்நீர் என்பது அவர் கருத்து.

2024 நவம்பர் வெள்ளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் பருத்தித்துறை, கரவெட்டிப் பக்கங்களில் என்னவென்று தெரியாத காய்ச்சலில் ஆட்கள் இறந்தபோது ஊர் நடுங்கியது. அது எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. எலியின் சிறுநீரில் இருக்கிற கிருமி வெள்ளத்தில் கலந்து, வயலில் நின்றவரின் கால் வெடிப்புக்குள்ளால் ஏறியது. கிருமி புதிது அல்ல, எலியும் புதிது அல்ல. வடிய வழியில்லாமல் நின்ற வெள்ளந்தான் இரண்டையும் மனிதனிடம் கொண்டுவந்து சேர்த்தது. டொக்சிசைக்கிளின் குளிசை கொடுத்து வைத்தியர்கள் பல உயிரைக் காத்தார்கள். வாய்க்காலையும் குளத்தையும் யார் பார்ப்பது?

எங்கள் மண்ணிலும் மருத்துவத்தை வாழ்க்கையோடு சேர்த்து எழுதிய மரபு உண்டு. 1847 இல் இங்கு வந்து மானிப்பாயில் வைத்தியம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன், மேல்நாட்டு மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். எங்கள் பல்கலைக்கழகத்தில் சமுதாய மருத்துவம் கற்பித்த பேராசிரியர் சிவஞானசுந்தரம், நந்தி என்ற பெயரில் மலையகத் தொழிலாளரின் வாழ்வை மலைக்கொழுந்து நாவலாக்கினார். லயன் அறையைத் தெரியாமல் அங்கே வருகிற நோயைத் தெரியமுடியாது என்று உணர்ந்த வைத்தியர் அவர். டுபோவைப் படிக்கும்போது இவர்களோடு பேசுவது போலத்தான் எனக்கு இருக்கும்.

1972 ஜூனில் ஸ்ரொக்ஹோமில் ஐக்கிய நாடுகள் சபை நடத்திய முதல் சூழல் மகாநாட்டுக்கு, பொருளியலாளர் பார்பரா வார்டோடு சேர்ந்து ‘ஒரே ஒரு பூமி’ நூலை எழுதியவர் டுபோ. 58 நாடுகளைச் சேர்ந்த 152 பேரின் கருத்தைக் கேட்டு எழுதியது. உலகத்துக்கே நூல் எழுதிய அவர், பிறகு சொல்லிவந்தது வேறு: உலகம் முழுவதற்கும் ஒரே மருந்து கிடையாது, ஒவ்வொரு ஊரும் தன் மண், தன் தண்ணீர், தன் பழக்கத்தைப் பார்த்துத் தன் வேலையைத் தானே செய்யவேண்டும். 1982 இல், தன் 81ஆவது பிறந்த நாளன்று நியூயோர்க்கில் காலமானார்.

எங்கள் ஊர் வேலை என்ன? 2024 ஓகஸ்டில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளுக்கு 24,000 கன மீற்றர் தண்ணீர் தரக்கூடியது. குழாய்த் தண்ணீர் வருகிற வீடுகளில் குழந்தைக்குப் பால் கரைக்கிற பயம் குறையும். அது பெரிய ஆறுதல். என் கவலை, குழாய் வந்தபிறகு கிணற்றை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்பது. குழாய் எங்கள் தோட்டங்களுக்குத் தண்ணீர் தரப்போவதில்லை. வெங்காயத்துக்கும் கரட்டுக்கும் அதே கல்லுக்குள்ளிருந்துதான் இறைக்கவேண்டும். பாவிக்காத கிணற்றுக்குள் குப்பை கொட்டுகிற வழக்கம் ஏற்கெனவே தொடங்கிவிட்டது. அது ஒருவருடைய கிணறு அல்ல. கீழே எல்லாம் ஒரே தண்ணீர்.

ஆகவே சில வேலைகளைச் சொல்லிவிடுகிறேன். பாவிக்காத கிணற்றுக்கு வலை போடுங்கள். நுளம்புக்கும் குப்பைக்கும் அது காவல். புது வீடு கட்டுகிறவர்கள் அடியில்லாத குழி வெட்டாமல் அடைத்த மலத்தொட்டி கட்டுங்கள். செலவு கூடத்தான், ஆனால் அயலவரின் பிள்ளையும் அந்தக் கல்லுக்குள்ளிருந்துதான் குடிக்கிறது. உரம் போடுகிறவர்கள் ஒரே தரத்தில் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள். பெருமழைக்கு முதல் நாள் போடாதேயுங்கள். தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுக்கும்போது கிருமி இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு வரவேண்டாம். நைத்திரேற்றும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மாரி முடிந்து தை, மாசியில் ஒருமுறையும், கோடை உச்சத்தில் ஆவணியில் ஒருமுறையும் பார்த்து, இரண்டு துண்டையும் வீட்டில் வைத்திருங்கள். கைக்குழந்தை உள்ள வீடு என்றால் அதைக் குடும்ப நல உத்தியோகத்தரிடமும் காட்டுங்கள்.